கூப்பிடு தூரத்தில் மகள்

என் மகளைப் பார்த்துவிட்டேன். ஆற்று மணலை ஒட்டி ஒரு பாறை. அதன்மேல் முழங்கால்களைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பெயரைச் சொல்லி ஒரு குரல் கொடுத்தால் கேட்டுவிடும்.

ஆனால் கூப்பிடக் கூடாது.

எதிர்க்கரையில் யானைகள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. பெரியவை நாலோ ஐந்தோ. அந்தக் கால்களுக்கு நடுவில் ஒரு குட்டி. எங்களுடன் வந்த வழிகாட்டி வேலுச்சாமி என் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தார். அந்நிய ஆள் கையைப் பிடித்திருக்கிறாரே என்று எனக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை.

"சத்தம் வேண்டாங்க மேடம். குட்டி இருக்குது" என்றார். சொன்னார் என்பதைவிட மூச்சு விட்டார் என்பதே சரி.

துப்பட்டாவின் நுனியைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டேன். பல்லில் நூல் நெருடியது. மாசி மாதம் பிறக்கப் போகும் சமயம். சாய்ந்த வெயிலில் தண்ணீர் பளபளத்தது. யானைகளுக்கு எந்த அவசரமும் இல்லை.

இந்தத் தொடரைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் வேலை தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். திருப்பூரில் ஓர் ஏற்றுமதி கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். துணியின் நிறம், வாங்கும் வெளிநாட்டு பையர் கேட்ட நிறத்தோடு ஒத்துப்போகிறதா என்று விளக்குப் பெட்டிக்குள் வைத்துப் பார்ப்பதுதான் பல வருடமாக என் பிழைப்பு. கணவர் செந்தில் வேலம்பாளையத்தில் சிறிய தையல் யூனிட் வைத்திருக்கிறார். கீழே யூனிட், மேலே வீடு. ஒரே மகள் தர்ஷினி, பதினொன்றாம் வகுப்பு.

கீழே ஓவர்லாக் மெஷின்கள் ஓடும்போது மேலே இருப்பவளைச் சாப்பிடக் கூப்பிட வேண்டுமென்றால் தொண்டை கிழியக் கத்த வேண்டும். கத்திக் கத்தியே என் குரல் இப்படிக் கரகரத்துப் போனது என்று வீட்டில் கேலி செய்வார்கள். அப்படிப்பட்டவள்தான் அன்று வாயில் துணியோடு நின்றேன்.

நாலு பேர் சேர்ந்தால் ஒரு பனியன்

எங்கள் ஊரில் ஒரு பழக்கம் உண்டு. நாலு பேர் சேர்ந்து எங்கே கிளம்பினாலும் வண்டி பேசுவதற்கு முன்னால் பனியன் தயாராகிவிடும்; எங்களுக்கு டி-ஷர்ட்டும் பனியன்தான். காதுகுத்துக்கு ஒரு நிறம், கும்பாபிஷேகத்துக்கு ஒரு நிறம், காலையில் நடைப்பயிற்சி போகும் பெரியவர்களுக்கு ஒரு நிறம். கருமாதிக்கு மட்டும்தான் இன்னும் யாரும் அடிக்கவில்லை.

காட்டுக்குப் போக வேண்டும் என்றது தர்ஷினி. ஊட்டி, கொடைக்கானல் எதுவும் வேண்டாம், கூட்டமே இல்லாத இடமாக வேண்டும், கூடாரத்தில் தங்கி நடக்க வேண்டும் என்றாள். எங்கே பார்த்தாளோ, இடத்தையும் அவளே கண்டுபிடித்தாள். அமராவதி அணையைத் தாண்டி, மலைச்சாலையில் ஏறி, காட்டுக்குள் இருக்கும் ஒரு முகாம். பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. எழுதினால் அடுத்த ஞாயிறே இங்கிருந்து நாலு வேன் கிளம்பும், ஸ்பீக்கரோடு.

எங்கள் தெருவில் இன்னும் இரண்டு குடும்பங்கள் சேர்ந்துகொண்டன. அதில் ஒன்று எதிர்வீட்டு சாந்தியக்காவுடையது. அவர் மகள் பூஜா தர்ஷினியின் வகுப்பு. உயரமும் ஒன்று, பின்னலும் ஒன்று.

முகாமில் தங்க அனுமதி வாங்கியபோது ஒரு விஷயம் கண்டிப்பாகச் சொன்னார்கள். சிவப்பு, வெள்ளை, பளிச்சென்ற நிறம் எதுவும் உடுத்தி வரக் கூடாது. செந்திலுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவர் குடோனில் ஒரு லாட் ஆலிவ் பச்சைத் துணி கிடந்தது.

அந்தத் துணியின் கதை எனக்குத் தெரியும். பையர் கேட்டது மஞ்சள் ஓட்டமுள்ள ஆலிவ். சாயப்பட்டறையிலிருந்து வந்தது நீலம் தூக்கலாக இருந்தது. சாதாரணக் கண்ணுக்கு இரண்டும் பச்சைதான். விளக்குப் பெட்டிக்குள் வைத்ததும் நான் திருப்பிவிட்டேன். சுற்றி வளைத்துக் கடைசியில் என் கணவர் குடோனுக்கே வந்து சேர்ந்தது.

இரண்டே நாளில் எல்லோருக்கும் பனியன், அதே துணியில் தொப்பி. முன்பக்கம் சின்னதாக ஒரு மரம் பிரிண்ட். முதுகில் ஒன்றும் இல்லை. நான் பனியன்மேலும் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டேன். வேனில் ஏறும்போது எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டோம். ராணுவத்துக்கு ஆள் எடுத்த மாதிரி இருந்தது.

காது அடைத்த மாதிரி

உடுமலை தாண்டும்வரை வேனில் பாட்டு ஓடியது. தாராபுரம் பிரிவில் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் சாலையோரம் பச்சை வேட்டியில் நடந்துகொண்டிருந்தார்கள். சாந்தியக்கா ஜன்னல் வழியே கும்பிட்டுக்கொண்டார். அணைக்குப் பக்கத்தில் முதலைப் பண்ணையைப் பார்த்தே தீர வேண்டும் என்று செந்தில் இறங்கினார். வெயிலில் வாயைத் திறந்தபடி கிடந்த முதலைகளைக் காட்டி, இன்ஸ்பெக்‌ஷன் அன்றைக்கு உங்கள் மேனேஜர் இப்படித்தானே இருப்பார் என்றார். சிரித்துக்கொண்டே மலை ஏறினோம்.

முகாம் மிகச் சின்னது. சுற்றிலும் யானை தாண்டாதபடி அகழி. உள்ளே வரிசையாகக் கூடாரங்கள், ஒரு சமையல் கொட்டகை, ஒரு காவல் கோபுரம். போன் எடுக்காது. வேன் எஞ்சினை நிறுத்தியதும் எனக்குக் காது அடைத்துவிட்டது என்றே நினைத்தேன். விரலை விட்டு ஆட்டிக்கூடப் பார்த்தேன். அடைக்கவில்லை. சத்தம் இல்லை, அவ்வளவுதான்.

தர்ஷினி கைகளை விரித்து நின்று, "அம்மா, கேளு" என்றாள். என்ன கேட்க என்று கேட்டேன். "ஒண்ணுமில்லை. அதைத்தான் கேளுங்கறேன்" என்றாள்.

திட்டம் இதுதான். முதல் நாள் மாலை ஆற்றோரமாக ஒரு சின்ன நடை. மறுநாள் காலையில் எதிரே தெரியும் மொட்டைப் பாறை மலைக்கு ஏறுவது. தர்ஷினி வந்ததே அந்த மலைக்காகத்தான். வீட்டில் அதன் படத்தை அலமாரிக் கதவில் ஒட்டி வைத்திருந்தாள்.

ஒரே மாதிரி முதுகுகள்

ஒற்றை வரிசையில் நடக்க வேண்டும், பேசக் கூடாது என்றார்கள். முன்னால் ஒரு வழிகாட்டி, கடைசியில் வேலுச்சாமி. நான் எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவள். பிள்ளை பள்ளி வேனில் ஏறினால் அது தெருமுனை திரும்பும்வரை பால்கனியில் நிற்பேன். அன்றும் அவளை எனக்கு முன்னால் விட்டு, அவள் முதுகிலேயே கண்ணை வைத்து நடந்தேன். பறவை, மரம் எதையும் பார்க்கவில்லை.

வழியில் ஓரிடத்தில் யானைச் சாணம் கிடந்தது. புதியது, ஆவி அடங்கவில்லை. முன்னால் போனவர் கையைத் தூக்கி வேலுச்சாமியைக் கூப்பிட்டார். வேலுச்சாமி எங்களைத் தாண்டி முன்னே போனார். வரிசை நின்றது, குவிந்தது, முன்னும் பின்னுமாகக் கலைந்தது. பிறகு வேறு பக்கமாகச் சுற்றிப் போகலாம் என்று சைகை காட்டினார்கள். மறுபடி வரிசை நகர்ந்தது. என் எதிரே தொப்பி, பின்னல், பச்சை முதுகு. நான் பின்தொடர்ந்தேன்.

கொஞ்ச தூரம் போனதும் தண்ணீர் பாட்டிலை நீட்டி அவள் தோளைத் தொட்டேன். திரும்பிய முகம் பூஜாவுடையது.

"என்னங் ஆன்ட்டி?"

அதற்குப் பிறகு நடந்தது எனக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. வரிசையில் எல்லா முகங்களையும் தொப்பியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தது. செந்தில் இரண்டு கைகளையும் வாயருகே குவித்தது. வேலுச்சாமி பாய்ந்து வந்து அவர் வாயையே பொத்தியது. யானை பக்கத்தில் இருக்கிறது, கத்தினால் பாப்பா இருக்கும் பக்கம் அது ஓடலாம் என்று அவர் காதோடு சொன்னது.

ஊரில் ஒரு பிள்ளை தொலைந்தால் என்னவெல்லாம் செய்வோம். கோயில் மைக்கில் சொல்வோம். தெருத் தெருவாக பைக்கில் ஆள் போகும். அரை மணி நேரத்தில் எல்லா போனிலும் போட்டோ வந்துவிடும். இங்கே எதுவும் கிடையாது. சத்தம் போடாமல் தேட வேண்டும். பிள்ளையைச் சத்தம் போடாமல் தேடுவது எப்படி என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

மற்றவர்களை ஒரு மரத்தடியில் உட்கார வைத்தார்கள். செந்திலும் இன்னொரு வழிகாட்டியும் வந்த வழியில் திரும்பினார்கள். நானும் வேலுச்சாமியும் ஆற்றுப் பக்கம் இறங்கினோம். அவர் வேண்டாம் என்றுதான் சொன்னார். நான் நடக்க ஆரம்பித்துவிட்டேன்.

நீலம் தூக்கலான பச்சை

காட்டில் நடக்கும்போதுதான் அந்தப் பனியனின் விபரீதம் உறைத்தது. மறைந்து நடக்க வேண்டும் என்று தேடித் தேடி எடுத்த நிறம். இலையும் பச்சை, புதரும் பச்சை, பாறையில் படிந்த பாசியும் பச்சை. ஒரு பெண் பத்தடி தள்ளி நின்றாலும் தெரியாது. சிவப்புப் பாவாடை கட்டியிருந்தால் எப்போதோ கண்டுபிடித்திருப்போம் என்று நினைத்துக்கொண்டே ஒவ்வொரு புதராகப் பார்த்தேன்.

ஒரு மேட்டில் ஏறி நின்றோம். கீழே ஆறு வளைந்து போனது. வேலுச்சாமி கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு இங்கே இல்லை என்று தலையாட்டினார். நானும் பார்த்தேன். எப்படிப் பார்ப்பது என்று தெரியாமல், தெரிந்த மாதிரியே பார்த்தேன். மேலிருந்து கீழாக, இடமிருந்து வலமாக, மேஜையில் விரித்த துணியைப் பார்ப்பதுபோல.

மழை நின்று வெகுநாள் ஆன காடு. எல்லாப் பச்சையிலும் மஞ்சள் ஏறியிருந்தது. புல்லில் வைக்கோல் நிறம், இலைகளில் பழுப்பு. அந்த மஞ்சளுக்குள் ஆற்றோரப் பாறைமேல் ஒரு புள்ளி மட்டும் சேரவில்லை. நீலம் தூக்கலாக இருந்தது.

அதைக் காட்டினேன். பாறை என்றார். இல்லை என்றேன். இன்னும் நாலு எட்டு இறங்கியதும் அவருக்கும் தெரிந்தது. யானைகளும் அப்போதுதான் தெரிந்தன.

அங்கேதான் வாயில் துணியை வைத்துக்கொண்டு நின்றேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு பெரிய யானை தும்பிக்கையைத் தூக்கிக் காற்றை முகர்ந்தது. தர்ஷினி அசையவில்லை. நான் நிற்பது அவளுக்குத் தெரியாது. தனியாக இருக்கிறோம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறாள். அம்மா வந்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். அந்த ஒரு வார்த்தையைத்தான் மென்று மென்று விழுங்கினேன். அவள் முதுகு மூச்சுக்கு ஏறி இறங்குவதைப் பார்த்து, நானும் அதே வேகத்தில் மூச்சு விட்டேன்.

கடைசியில் குட்டியை முன்னால் விட்டு யானைகள் கரையேறின. கடைசி முதுகும் புதருக்குள் மறைந்த பிறகும் வேலுச்சாமி என் கையை விடவில்லை. பிறகு விட்டார். ஓடவும் கூடாது என்றார். ஓடாமல் நடந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டப்பட்டு நடந்ததில்லை.

பின்னாலிருந்து கட்டிக்கொண்டபோது அவள் கை ஐஸ் மாதிரி இருந்தது. அழுதாள். மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்.

"அம்மா, அந்தக் குட்டிக்குத் தும்பிக்கைல குடிக்கத் தெரியலை. மண்டி போட்டு வாயாலயே குடிச்சுது. பாத்தியா?"

நான் பார்க்கவில்லை. அவ்வளவு நேரம் நின்றும் குட்டி என்ன செய்கிறது என்று பார்க்கவில்லை.

நடந்ததை அவள் சொல்லச் சொல்லத்தான் புரிந்தது. வரிசை நின்றபோது ஒரு மலையணில் கிளை விட்டுக் கிளை தாவியதை அண்ணாந்து பார்த்திருக்கிறாள். குனிந்தபோது யாரும் இல்லை. ஓடி வந்திருக்கிறாள். காய்ந்த ஓடைத் தடம் நடைபாதை மாதிரி அகலமாக இருந்ததால் அதில் இறங்கியிருக்கிறாள். ஆறு வந்ததும் வழி தவறியது தெரிந்திருக்கிறது. அதற்குமேல் நடக்காமல் வெட்டவெளியில் உட்கார்ந்துவிட்டாள். யானைகள் பிறகுதான் வந்திருக்கின்றன.

"பயமா இருந்துச்சா கண்ணு?"

"இருந்துச்சு. ஆனா பயமா மட்டும் இல்லை."

கிளம்பலாம்

முகாமுக்குத் திரும்பியபோது வேனில் பைகள் ஏறிக்கொண்டிருந்தன. செந்தில் மகளைக் கட்டிக்கொண்டு விம்மினார். இருபது வருடத்தில் அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் முறை. அழுது முடித்ததும் கோபம் வந்துவிட்டது. யார்மேல் என்று தெரியாததால் வேன் டிரைவர்மேல் எரிந்து விழுந்தார்.

சாந்தியக்கா தர்ஷினிக்குத் திருநீறு பூசினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மல்லிகா, நான் சொல்றன்னு தப்பா எடுத்துக்காத. பொம்பளப் புள்ளைகளக் கூட்டிட்டு வர்ற எடமா இது? முருகன் காப்பாத்திக் குடுத்துட்டான். பேசாம ஊடு போய்ச் சேருவோம்."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. என் மனதில் ஓடியதும் அதேதான். கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, கீழே மெஷின் சத்தம் கேட்கிற வீட்டில், மகளைப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

தர்ஷினி மட்டும் வேனில் ஏறவில்லை. நாளைக்கு மலைக்குப் போகலாம் என்றுதானே வந்தோம் என்று அப்பாவிடம் கேட்டாள். மலையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை என்றார் அவர். அவள் எதிர்த்துப் பேசவில்லை. ஷூவின் நுனியால் மண்ணைக் கிளறிக்கொண்டு, யாருக்கென்று இல்லாமல் சொன்னாள்.

"நான் தொலைஞ்சதாலதான போறோம். இனி எங்கயும் விட மாட்டீங்க."

பழனிப் பாதை

இங்கே கொஞ்சம் விலகிப் போக வேண்டும். அவள் அப்படிச் சொன்னதும் என் மனம் போனது பழைய பழனிப் பாதைக்குத்தான்.

என் சொந்த ஊர் சேவூர். எட்டு வயதில் தைப்பூசத்துக்கு அப்பா அம்மாவோடு பழனிக்கு நடந்தேன். ஊரே கிளம்பியது. ஆண்கள் எல்லோருக்கும் பச்சை வேட்டி, பச்சைத் துண்டு. அப்பாவின் துண்டு நுனியைப் பிடித்துக்கொண்டே நடப்பேன். ஒருநாள் விடியற்காலையில் தூக்கக் கலக்கத்தில் வேறு யாருடைய துண்டையோ பிடித்துவிட்டேன். அவரும் கவனிக்கவில்லை. காவடிப் பாட்டுச் சத்தத்தில் வேறு ஊர்க்காரர்களோடு வெகுதூரம் போய்விட்டேன். வெயில் ஏறியதும்தான் அவர் குனிந்து பார்த்து, யாரு கண்ணு நீ என்று கேட்டார்.

நல்ல மனுஷன். அன்னதானப் பந்தலில் உட்கார வைத்து, என் பெயரையும் ஊரையும் மைக்கில் சொல்லச் சொன்னார். அம்மா அலறிக்கொண்டு வந்தபோது நான் இலையில் இரண்டாம் முறை பொங்கல் வாங்கிக்கொண்டிருந்தேன். முதலில் ஓர் அறை, பிறகு கட்டிப்பிடித்து ஒரு முத்தம்.

அதோடு என் நடை முடிந்தது. மறு வருடத்திலிருந்து நான் பஸ்ஸில் அனுப்பப்பட்டேன். பழனி மட்டும் இல்லை. பள்ளியில் சுற்றுலா என்றால் அம்மா காணாமல் போன கதையைச் சொல்வார். காலேஜில் விடுதி என்றாலும் அதே கதை. நானே அந்தக் கதையை நம்பிவிட்டேன். எங்கே கிளம்பினாலும் தொலைந்து போகிறவள் நான் என்று. அம்மாவைக் குறை சொல்லவில்லை. அன்று அவர் பட்டது என்ன என்று எனக்கு ஆற்றங்கரையில் தெரிந்துவிட்டது. ஆனால் வருடா வருடம் தை மாதத்தில் எங்கள் தெரு வழியாகப் பாதயாத்திரைக் கூட்டம் போகும்போது வாசலில் நின்று தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றிக் கொடுப்பதோடு என் பங்கு முடிந்துவிடும். ஒரு தடவைகூட இறங்கி நடந்ததில்லை.

வேன் போனது

"ஏனுங்க, என்ற பையையும் தர்ஷினி பையையும் எறக்கிப் போடுங்க" என்றேன்.

செந்திலுக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னேன்.

"உனக்குப் பைத்தியமா மல்லிகா? இன்னும் கை ஒதறுது உனக்கு."

"ஒதறட்டுங்க. இப்பப் போனா அவளுக்கு இந்தக் காடு தொலைஞ்ச எடமாவே நின்னுரும். நாளைக்கு ஏறி எறங்குனா மலை ஏறுன எடம்."

"எதாவது ஆச்சுன்னா?"

தெரியாது என்றே சொன்னேன். அவர் வேன் மேலே ஏறி மூன்று பைகளை இறக்கினார். மூன்றாவது அவருடையது.

அதைவிடப் பெரிய வேலை முகாமுக்குப் பொறுப்பான வனத்துறை வனவரைச் சம்மதிக்க வைப்பது. பத்திரமாகக் கிளம்பிப் போகிறார்கள் என்று நிம்மதியாக இருந்தவர் அவர். முடியாது என்றார். நடந்ததை எங்கேயாவது பெரிதாக்குவீர்களோ என்ற பயமும் அவர் முகத்தில் தெரிந்தது. நான் குரலை உயர்த்தவில்லை. எங்கள் பிள்ளை வழி தவறியதும் அசையாமல் ஓரிடத்தில் உட்கார்ந்தாள், யானையைக் கண்டும் கத்தவில்லை, இதைவிடக் காட்டுக்கு ஏற்ற பிள்ளை உங்களுக்குக் கிடைக்குமா என்று கேட்டேன். அவர் தர்ஷினியை ஒரு பார்வை பார்த்தார். இரண்டு வழிகாட்டிகளும் கூட வருவார்கள், யாரும் தனியாக ஓரடி வைக்கக் கூடாது, ஒரே நிறத்தில் யாரும் வரக் கூடாது என்றார். கடைசி நிபந்தனையைச் சொல்லும்போது செந்திலைப் பார்த்தார்.

சாந்தியக்காவுக்கு என்மேல் வருத்தம்தான். ஆனாலும் வேன் நகரும் முன் இறங்கி வந்து, புளிசாத டப்பாவையும் பிளாஸ்கையும் என் கையில் வைத்தார். "உன்ற பிடிவாதம் உனக்கு. நாளைக்கு வேனத் திருப்பி அனுப்பறோம். மேல சிக்னல் கெடச்சா ஒரு போன் போடு" என்றார். பூஜா ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு போனாள். அவளுக்கும் இருக்க ஆசை.

அன்று இரவைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. நான் தூங்கவில்லை. அவள் தூங்கினாள்.

பாதி மலை

காலையில் தர்ஷினி என்னுடைய சாயம் மங்கிய அரக்கு நிற டாப்ஸைப் போட்டுக்கொண்டாள். தோளில் தொங்கியது. செந்திலுக்குக் கிடைத்தது சாம்பல் நிறச் சட்டை. ஐந்து பேரும் கிளம்பினோம்.

முதல் பாதி நன்றாகவே ஏறினேன். புல் பனியில் நனைந்திருந்தது. ஒரு செடியை மிதித்தபோது எலுமிச்சை வாசம் வந்தது. எங்கேயோ ஒரு பறவை விட்டு விட்டுக் குழல் ஊதியது. நேற்று இதெல்லாம் இருந்திருக்கும், நான்தான் முதுகைப் பார்த்து நடந்தேன். இன்றைக்குப் பார்த்தேன். முழுவதுமாக இல்லை. மூன்று அடிக்கு ஒருமுறை அரக்கு நிறம் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டேன்.

பாறைச் சரிவு தொடங்கிய இடத்தில் என் வலது முட்டி மடங்க மறுத்தது. மேஜை முன்னால் நின்றே இருபது வருடம் ஓட்டிய முட்டி. இன்னும் நாலு எட்டு வைத்துப் பார்த்தேன். ஏறினாலும் இறங்க முடியாது என்று எனக்கே தெரிந்துவிட்டது. ஒரு மரத்தடியில் உட்கார்ந்தேன்.

உச்சி மேலே தெரிந்தது. வழி ஒரு பாறையைச் சுற்றி மறைந்து போனது. அதற்கப்புறம் என்ன என்று இங்கிருந்து தெரியாது.

"நானும் உக்காந்துக்கறேம்மா. பரவால்ல" என்றாள்.

பரவாயில்லை என்று அவள் முகம் சொல்லவில்லை. வேலுச்சாமியைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். அவரும் தூங்கியிருக்க மாட்டார் என்று கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

"நீ போயிட்டு வா கண்ணு" என்றேன்.

"நெஜமாவா?"

"வேலுச்சாமியண்ணன் பின்னாடியே போ. அணிலப் பாக்கறதுன்னா அவரையும் நிறுத்திட்டுப் பாரு."

சிரித்தாள். போனாள். பாறை வளைவில் ஒருமுறை திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டினாள். பிறகு அரக்கு நிறம் மறைந்துவிட்டது.

செந்தில் எழுந்தார். நானும் கூடப் போய்விட்டு வருகிறேன் என்றார். அவர் சட்டையின் நுனியைப் பிடித்து இழுத்தேன். "உக்காருங்க" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எழுந்தார். மறுபடி இழுத்தேன். எங்களோடு இருந்த வழிகாட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். புளிசாதம் சாப்பிடலாமா என்று கேட்டார் செந்தில். அவள் வரட்டும் என்றேன். சரி என்றார். இரண்டு நிமிடம் கழித்து அதையே மறுபடி கேட்டார்.

அந்த நேரத்தில் நான் தைரியமாக இருந்தேன் என்று எழுதினால் பொய். கூட ஆள் போயிருக்கிறார் என்று தெரிந்தும் பாறை வளைவையே பார்த்துக்கொண்டிருந்தேன். விழுந்திருப்பாளோ, வழுக்கியிருக்குமோ என்று எல்லாவற்றையும் நினைத்தேன். எதை நினைத்தாலும் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவில்லை. என்னால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான். அதைச் செய்தேன்.

சிறு கற்கள் உருளும் சத்தம் முதலில் வந்தது. பிறகு அவள் வந்தாள். முகம் வெயிலில் சிவந்து, முழங்கையில் ஒரு சிராய்ப்போடு. நான் சிராய்ப்பைப் பற்றிக் கேட்கவில்லை.

"மேல என்ன இருக்குது?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமே இல்லைம்மா. மொட்டைப் பாறை. காத்து. அந்தப் பக்கம் இன்னொரு மலை." புளிசாதத்தை வாய் நிறைய அடைத்துக்கொண்டு சொன்னாள். "அது இதைவிட ஒசரம். அதுக்கும் வழி இருக்குதாம்."

செந்தில் என்னைப் பார்த்தார். எப்போது போகலாம் என்று தர்ஷினி கேட்கவே இல்லை. நான்தான் கேட்டேன், வேலுச்சாமியிடம். மழை முடிந்து புல் பச்சையானதும் வாருங்கள் என்றார்.

அன்றிலிருந்து வேலைக்குப் போகும் முன் வேலம்பாளையம் பள்ளி மைதானத்தைச் சுற்றுகிறேன். முதல் வாரம் ஒரு சுற்று. இப்போது கூடியிருக்கிறது. மாலையில் முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம், டாக்டர் சொல்லித் தந்த பயிற்சி. மகள் பள்ளி வேனில் ஏறியதும் பால்கனிக்கு ஓடுவதும் நிற்கவில்லை. இதை எழுதும்போதுகூட அந்தப் பாறையும் அந்த முதுகும் கண்முன் வந்தால் பேனா கோணுகிறது. கை நடுங்குகிறது. நடுங்கட்டும். மலை ஏறப்போவது முட்டிதான்.